கடைக்காரர் எக்ஸ்பியை விட மாட்டேன் என்கிறார், நான் வேலையை விட்டுவிடட்டுமா?

கேள்வி: வணக்கம் சார். ஈரோட்டில் ஐந்து பேர் வேலை செய்யும் சின்ன கம்பெனியில் நான்கு வருடமாக டெவலப்பராக இருக்கிறேன். ஜவுளி மொத்த வியாபாரிகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்கிறோம், சுமார் 140 வாடிக்கையாளர்கள். அதில் சிலரிடம் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பி, பாதிக்கு மேல் விண்டோஸ் 7. அவர்களுக்காக இன்றும் டாட்நெட் (நிரல் எழுதவும் ஓட்டவும் மைக்ரோசாஃப்ட் தரும் அடித்தளம்) 4.0-இல்தான் எழுதுகிறோம். இ-இன்வாய்ஸ் (பில்லை அரசு போர்ட்டலில் பதிவு செய்வது) சேர்த்ததிலிருந்து சில கடைகளில் மட்டும் ‘இணைப்பு துண்டிக்கப்பட்டது’ என்று பிழை வருகிறது, எங்கள் ஆபீஸில் அது வருவதே இல்லை. எல்லாவற்றையும் புதிதாக எழுதலாம் என்றால் முதலாளி ‘ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்த வேண்டும்’ என்கிறார். நான் வேலை செய்யும் சிஸ்டமும் 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். ஒரு பில்ட் (எழுதிய கோடை ஓடும் நிரலாக மாற்றுவது) முடிய நான்கு நிமிடம் ஆகிறது. வேறு வேலை தேடலாமா? (இன்னொரு சின்ன சந்தேகம்: சில கடைகளில் பில்லில் ரூபாய்க் குறி வர வேண்டிய இடத்தில் கட்டம் விழுகிறது. ஏன்?)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை உங்கள் மேல் பரிதாபம் வந்தது, இரண்டாவது முறை உங்கள் முதலாளி மேலும் கொஞ்சம் வந்தது. அவர் சொல்வதில் பாதி சரி. எல்லாவற்றையும் புதிதாக எழுதாதீர்கள். ஐந்து பேர் சேர்ந்து 140 கடைகளைக் கவனித்துக்கொண்டே மறுபடி முதலிலிருந்து எழுதத் தொடங்கிய கம்பெனிகளைப் பார்த்திருக்கிறேன், இரண்டு வருடம் கழித்து அவர்களிடம் இரண்டு அரைகுறை சாஃப்ட்வேர் இருந்தது. ஆனால் வண்டி ஓடுகிறது என்பது கடைக்காரர் பக்கத்திலிருந்து பார்த்தால்தான், அதை உள்ளிருந்து தள்ளிக்கொண்டு ஓடுவது நீங்கள்.

முதலில் அந்தப் பிழையைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் பழைய ஓஎஸ் எப்படி உங்கள் நேரத்தைத் தின்கிறது என்பது அதில் நன்றாகத் தெரியும். இ-இன்வாய்ஸுக்காக நீங்கள் பேசும் சர்வர் டிஎல்எஸ் (நெட்டில் தகவலைப் பூட்டி அனுப்பும் முறை) 1.2-க்குக் குறைந்த இணைப்பை ஏற்காது. சாதாரண எக்ஸ்பியில் டிஎல்எஸ் 1.2 கிடையவே கிடையாது, நீங்கள் கோடில் எதை மாற்றினாலும் வராது. விண்டோஸ் 7-இல் இருக்கிறது, ஆனால் கேட்டால்தான் தரும். நீங்கள் 4.0-இல் எழுதுவதால் கேட்பதற்கான பெயர்கூட உங்களிடம் இல்லை. டிஎல்எஸ் 1.2-ஐக் குறிக்கும் 3072 என்ற எண்ணை வேறு வகைக்கு மாற்றிப் போட்டுக் கடத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். அந்த வித்தையும் அந்த மெஷினில் டாட்நெட் 4.5 அல்லது அதற்கு மேல் நிறுவப்பட்டிருந்தால்தான் பலிக்கும். உங்கள் ஆபீஸ் சிஸ்டத்தில் விஷுவல் ஸ்டுடியோவோடு (நாம் கோடு எழுதும் கருவி) புது டாட்நெட் தானாக வந்திருக்கும், அதனால் அங்கே பிழை வராது. ஒரே கோடு, ஒரு கடையில் ஓடும், பக்கத்துக் கடையில் ஓடாது. வாடிக்கையாளர் ‘நேற்று வரை வந்ததே’ என்பார், நீங்கள் உங்கள் கோடைச் சந்தேகப்பட்டுக்கொண்டு ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்திருப்பீர்கள்.

இந்தச் சந்தேகம் எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு என் கதை ஒன்று. 2019-இல் கரூரில் ஒரு வாடிக்கையாளர். தினமும் காலை ஒன்பது மணிக்கு சர்வருக்குத் தகவல் போகாது, பதினொரு மணிக்கு மேல் தானாகப் போக ஆரம்பித்துவிடும். காலையில் நெட் மெதுவாக இருக்கும், ஆன்டிவைரஸ் குறுக்கே நிற்கும், டிஎல்எஸ்ஸாக இருக்கும் என்று இரண்டு நாள் லாக் ஃபைலை வைத்துக்கொண்டு நானும் இன்னொருவரும் மண்டையை உடைத்துக்கொண்டோம். மூன்றாவது நாள் பஸ் ஏறிப் போய், கடை திறக்கும்போதே கூட நின்றேன். கடைப் பையன் சிஸ்டத்தைப் போட்டான், கறுப்புத் திரையில் இரண்டு வரி ஆங்கிலம் வந்து நின்றது, அவன் அதைப் படிக்கவே இல்லை, டக்கென்று எஃப்1 அழுத்தினான். ‘எப்பவும் அப்படித்தான் சார், எஃப்1 அடிச்சா வந்துரும்’ என்றான். விண்டோஸ் திறந்ததும் மூலையில் தேதியைப் பார்த்தேன்: 2008 ஜனவரி 1. மதர்போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்குமே, அது செத்துப் பல மாதம் ஆகியிருக்கிறது. சர்வரின் சான்றிதழ் (அது உண்மையான சர்வர்தான் என்று காட்டும் அடையாளம்) 2008-இல் பிறக்கவே இல்லை என்பதால் விண்டோஸ் அதை நம்பவில்லை. பதினொரு மணி வாக்கில் கணக்குப்பிள்ளை வந்து பில்லில் தேதி தப்பாக இருப்பதைப் பார்த்துச் சரிசெய்வார், அப்புறம் எல்லாம் ஓடும். முப்பது ரூபாய் பேட்டரி. அதற்குப் பிறகு நான் எழுதிய எந்த பில்லிங் நிரலும் திறந்தவுடன் கடைசி பில்லின் தேதியை எடுத்துப் பார்க்கும், சிஸ்டம் தேதி அதற்கு முந்தையதாக இருந்தால் பில் போட விடாது. இன்றைக்கே உங்கள் நிரலிலும் இதைச் சேருங்கள், அரை மணி நேர வேலை.

சரி, பெரிய விஷயத்துக்கு வருவோம். நீங்கள் எக்ஸ்பியையும் விண்டோஸ் 7-ஐயும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘பழசு’ என்கிறீர்கள். அங்கேதான் தப்பு. இரண்டும் ஒன்றல்ல. எக்ஸ்பி ஏற்கும் கடைசி டாட்நெட் 4.0, அதனால்தான் நீங்கள் அங்கேயே மாட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். விண்டோஸ் 7, சர்வீஸ் பேக் 1 இருந்தால், டாட்நெட் 4.8 வரை ஏற்கும். அதே 4.8 விண்டோஸ் 10-இலும் 11-இலும் ஓடும். அதாவது உங்களைக் கட்டி வைத்திருப்பது 140 கடைகள் அல்ல, அந்த ‘சிலர்’ மட்டும். எக்ஸ்பி ஒன்றை விட்டால் போதும்: அசிங்க் (ஒரு வேலை முடியக் காத்திருக்காமல் திரையை ஓட விடும் முறை) எழுதலாம், ஹெச்டிடிபி கிளையன்ட் (சர்வரோடு பேசும் கருவி) இருக்கும், டிஎல்எஸ் 1.2-ஐப் பெயர் சொல்லிக் கேட்கலாம் (விண்டோஸ் 7-க்காக அதை வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள், சிஸ்டம் பார்த்துக்கொள்ளும் என்று விடாதீர்கள்). விஷுவல் ஸ்டுடியோ 2022-க்கும் போகலாம். 4.0-க்கு எழுதத் தேவையானது அதில் கிடையாது என்பதால் இப்போது 2019-ஐத்தான் வைத்திருப்பீர்கள்.

அந்தச் ‘சிலர்’ எத்தனை பேர்? எழுதவில்லையே. உங்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன், முதலாளிக்கும் தெரியாது. இதுதான் முதல் வேலை. அடுத்த ரிலீஸில் சில வரி சேருங்கள்: ஓஎஸ் பதிப்பு, ரேம், திரை அளவு, எந்த டாட்நெட் இருக்கிறது, இவ்வளவுதான், கடைக்காரரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். நெட் இல்லாத கடைகளில் சர்வீஸ் ஆள் போகும்போது குறித்துக்கொண்டு வரட்டும். ஒரு இடத்தில் ஏமாறுவீர்கள், கவனம்: டாட்நெட்டிடம் ஓஎஸ் பதிப்பு கேட்டால் எக்ஸ்பி 5.1 என்றும் விண்டோஸ் 7 6.1 என்றும் சரியாகச் சொல்லும், ஆனால் மேனிஃபெஸ்ட் ஃபைலில் (நிரல் எந்த விண்டோஸுக்கானது என்று சொல்லும் குறிப்பு) குறிப்பிடாவிட்டால் விண்டோஸ் 10 கூடத் தன்னை 6.2 என்றுதான் சொல்லிக்கொள்ளும், அது விண்டோஸ் 8-இன் எண். ‘நம்மிடம் அறுபது பேர் விண்டோஸ் 8 வைத்திருக்கிறார்கள்’ என்று ஒருவர் மீட்டிங்கில் சொன்னதை நான் நேரில் கேட்டிருக்கிறேன்.

எண்ணிக்கை வந்ததும் ஒவ்வொரு எக்ஸ்பி கடைக்காரரிடமும் ‘ஏன் மாற்றவில்லை’ என்று கேட்காதீர்கள், ‘மாற்றினால் எது ஓடாது’ என்று கேளுங்கள். ஏன் என்றால் ‘பணம் எங்கே’ என்பார், அது பெரும்பாலும் உண்மை இல்லை. 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் இருப்பவர்களுக்குத்தான் இ-இன்வாய்ஸ் கட்டாயம். அந்தக் கணக்கில் வருகிற மொத்த வியாபாரியிடம் ஒரு சிஸ்டம் வாங்கக் காசில்லை என்றால் யார் நம்புவது. எதையோ ஒன்று அந்த மெஷின் பிடித்து வைத்திருக்கிறது, அவர் அதற்காகப் பயப்படுகிறார். நான் அதிகம் பார்த்தவை இரண்டு. ஒன்று, பின்பக்கம் அகலமான எல்பிடி போர்ட்டில் மாட்டியிருக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்; புது சிஸ்டத்தில் அந்த போர்ட்டே வராது. இதற்குத் தனி கார்டு கிடைக்கிறது. யுஎஸ்பி கேபிளையும் விற்பார்கள், ஆனால் நேராக எல்பிடிக்கு எழுதும் நிரல்களில் அது காலை வாரிவிடும், முதலில் ஒரு கடையில் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, டாஸ் காலத்து நிரல். ஒரு கடையில் மாமனார் காலத்து ஃபாக்ஸ்ப்ரோ பேரேடு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, வருடத்துக்கு நான்கு முறை யாராவது ஒரு பழைய பாக்கிக்காக அதைத் திறப்பார்கள். 64 பிட் விண்டோஸில் டாஸ் நிரல் ஓடாது. ஏற்கெனவே யாரோ ஒரு சர்வீஸ் ஆள் புது சிஸ்டம் போட்டுக் கொடுத்து, பேரேடு திறக்காமல், கடைக்காரர் அதை அன்றைக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார். அதற்குப் பிறகு அவரிடம் போய் விண்டோஸ் 10 என்று சொன்னால் கோபம் வராதா? டாஸ்பாக்ஸ் என்று ஒரு இலவச நிரல் இருக்கிறது, அதற்குள் வைத்து அந்தப் பேரேட்டைத் திறந்து காட்டினேன். பச்சை எழுத்தில் மாமனார் பெயர் வந்ததும் மனிதர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அந்த வாரமே மாற்றிவிட்டார்.

இதற்குப் பிறகும் அசையாதவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு நாள் குறியுங்கள். பெரிய இடங்களிலேயே அப்படித்தான் நடந்திருக்கிறது. எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-இல் நிறுத்தியது. அதற்கு நான்கு வருடத்துக்கு மேல் கழித்து, 2018 ஜூனில், ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டு, ஆதரவு முடிந்த ஓஎஸ்ஸில் ஓடும் ஏடிஎம்களை மாற்றச் சொல்ல வேண்டியிருந்தது. எப்படிச் சொன்னார்கள் என்று பாருங்கள்: செப்டம்பருக்குள் கால்வாசி, டிசம்பருக்குள் பாதி, அடுத்த மார்ச்சுக்குள் முக்கால், 2019 ஜூனுக்குள் மொத்தமும். வங்கிகளுக்கே தவணை முறையில் சொல்ல வேண்டியிருந்தது என்றால் ஜவுளிக் கடைக்கு ஒரே கடிதத்தில் வேலை நடக்குமா. எக்ஸ்பிக்கு இப்போது இருக்கும் பதிப்பை அப்படியே உறைய வைத்துவிடுங்கள். பில் போடுவதில் கோளாறு வந்தால் மட்டும் திருத்தம், புது வசதி எதுவும் கிடையாது என்று எழுத்தில் கொடுங்கள். இ-இன்வாய்ஸுக்கு அந்தப் பதிப்பு நெட்டில் போக வேண்டாம், பில் விவரம் அடங்கிய ஜேசான் ஃபைலை மட்டும் உருவாக்கிக் கொடுக்கட்டும், அதை ஆடிட்டர் ஆபீஸிலோ வீட்டு லேப்டாப்பிலோ போர்ட்டலில் மொத்தமாக ஏற்றிக்கொள்ளலாம். தினமும் பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு அலைந்தால் மூன்றாவது மாதம் அவரே கூப்பிடுவார். ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) புதுப்பிக்கும்போது எக்ஸ்பிக்குத் தனி விலை போடச் சொல்லுங்கள். உங்கள் முதலாளிக்கு இந்த வரி மட்டும் பிடிக்கும்.

மூன்று நான்கு சிஸ்டம் வைத்திருக்கும் கடையில் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். ஒன்றை மட்டும் புதிதாக வாங்கச் சொல்லுங்கள். வெளி உலகத்தோடு பேசுவது அந்த ஒன்று மட்டும், மற்றவை கடைக்குள்ளேயே கேபிள் வழியாக அதனிடம் பில்லைக் கொடுத்துவிட்டு ஐஆர்என்னையும் (இ-இன்வாய்ஸ் பதிவு எண்) கியூஆர் குறியையும் வாங்கிக்கொள்ளட்டும், அவற்றுக்கு நெட்டை எடுத்துவிடுங்கள். 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணம் கேட்டு மிரட்டும் வைரஸ் பரவியபோது அதிகம் விழுந்தது பேட்ச் போடாத விண்டோஸ் 7 மெஷின்கள்தான், அதுவும் நெட்வொர்க் வழியாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகத் தாவியது, அதனால் கடைக்குள் ஃபைல் பகிர்வையும் திறந்து வைக்காதீர்கள்.

விண்டோஸ் 7 கடைகளுக்கு 4.8 போடப் போகும்போது ஒன்று நடக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன். பென் டிரைவில் ஆஃப்லைன் இன்ஸ்டாலரை எடுத்துப் போய் ஓட்டினால், சான்றிதழ் சங்கிலியை உருவாக்க முடியவில்லை என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். இன்ஸ்டாலரில் குற்றமில்லை, அப்டேட் பார்க்காத விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்டின் 2011 ரூட் சான்றிதழே (மற்ற சான்றிதழ்களை நம்ப வைக்கும் மூலச் சான்றிதழ்) தெரியாது. அதையும், ஷா-2 என்ற புது வகை டிஜிட்டல் கையெழுத்தை ஏற்க வைக்கும் அப்டேட்டையும் அதே பென் டிரைவில் வைத்துக்கொண்டு போங்கள். இது தெரியாமல் ஒரு கடைக்கு இரண்டு தடவை போய் வந்தவர்கள் உண்டு.

விண்டோஸ் 7-உம் ரொம்ப நாளுக்கு இல்லை. அதன் ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது, பிறகு உங்களைச் சுற்றிக் கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வருகின்றன: பைத்தான் 3.9 முதல் அதில் ஓடாது, குரோம் 109-ஓடு நின்றுவிட்டது, கோ மொழி 1.21 முதல் விண்டோஸ் 10 கேட்கிறது, டெஸ்க்டாப் நிரல் செய்ய உதவும் எலக்ட்ரான் 23 முதல் இல்லை. நீங்கள் எதை வைத்துப் புதிதாக எழுதலாம் என்று கனவு கண்டீர்களோ அது அநேகமாக இந்தப் பட்டியலில் இருக்கும். அதனால் இப்போதைக்கு, வரி கணக்கிடுவது, இ-இன்வாய்ஸ் ஃபைல் செய்வது போன்ற திரை இல்லாத வேலைகளை மட்டும் தனி நூலகமாகப் பிரித்து டாட்நெட் ஸ்டாண்டர்ட் 2.0-க்கு எழுதுங்கள். இன்றைக்கு அது 4.8-இல் ஓடும், நாளைக்குப் புது டாட்நெட்டுக்குப் போனாலும் அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம். ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை, ஒவ்வொரு ரிலீஸிலும் கொஞ்சம்.

இனி உங்கள் சிஸ்டம். கடைக்காரர் பழைய சிஸ்டம் வைத்திருப்பதற்காவது காரணம் இருக்கிறது, சாஃப்ட்வேர் எழுதுகிற ஆளுக்கு 4 ஜிபி ரேமும் ஹார்ட் டிஸ்க்கும் கொடுப்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. முதலாளியிடம் ‘ஸ்லோவாக இருக்கிறது சார்’ என்று சொல்லாதீர்கள், அது அவர் காதில் விழாது. கணக்காகச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு 25 பில்ட் என்று வைத்தால் 100 நிமிடம். எட்டு மணி நேர வேலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். உங்கள் சம்பளம் 28,000 என்று வைத்துக்கொண்டால் மாதம் 5,800 ரூபாய்க்கு மேல், நீங்கள் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு. அந்த நான்கு நிமிடத்தில் சும்மாவா இருப்பீர்கள், போனை எடுப்பீர்கள், திரும்பி வரும்போது எந்த வரியில் இருந்தோம் என்பது மறந்திருக்கும், அதற்குக் கணக்கே கிடையாது. ஒரு எஸ்எஸ்டியும் கூடுதல் ரேமும் போட்டால் சில மாதத்தில் அந்தச் செலவு திரும்பிவிடும். புது சிஸ்டமே வாங்கிக் கொடுத்தால் இன்னும் நல்லது, ஆனால் பழையதைத் தூக்கி எறிய விடாதீர்கள். அதில் விண்டோஸ் 7 போட்டு, அந்த ஹார்ட் டிஸ்க்கோடு, 1024-க்கு 768 திரையோடு ஓரமாக வையுங்கள். ஒவ்வொரு ரிலீஸும் வெளியே போகும் முன் அதில் ஒரு நாள் ஓடட்டும். வெர்ச்சுவல் மெஷினில் பார்த்துவிட்டேன் என்று சொல்லாதீர்கள். அதில் நிஜ எல்பிடி போர்ட்டும் இருக்காது, கடைக்காரர் அனுபவிக்கும் அந்த மெதுவும் இருக்காது.

வேலையை விடுவது பற்றி. எக்ஸ்பி இருக்கிறது என்பதற்காக விட வேண்டாம். போகிற இடத்திலும் ஏதாவது ஒரு பழசு மூலையில் உட்கார்ந்திருக்கும், பெரிய கம்பெனி என்றால் இன்னும் பெரிய பழசு. ஆனால் இன்னும் மூன்று வருடம் 4.0-இலேயே இருந்தால் இன்டர்வியூவில் திண்டாடுவீர்கள், அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. எக்ஸ்பி கடைகளின் எண்ணிக்கையையும், இந்த 5,800 கணக்கையும் ஒரே தாளில் எழுதி முதலாளி மேசையில் வையுங்கள். வருடத்துக்கு நாலு கடை போய்விடுமோ என்ற பயம் அவருக்கு இருக்கும், அதற்கு அவருக்கு அவகாசம் கொடுங்கள். ஆறு மாதம். அதற்குள் எக்ஸ்பிக்கு ஒரு தேதியும் வரவில்லை, உங்களுக்கு ஒரு எஸ்எஸ்டியும் வரவில்லை என்றால் தாராளமாகத் தேடுங்கள்; அப்போது பிரச்சினை ஓஎஸ் இல்லை.

ரூபாய்க் குறி: அது 2010 ஜூலையில்தான் அறிவிக்கப்பட்டது, அந்த வருட அக்டோபரில் யூனிகோடில் சேர்ந்தது. எக்ஸ்பியின் எழுத்துருக்கள் அதற்கு முந்தையவை, விண்டோஸ் 7-க்கும் தனி அப்டேட் போட்டால்தான் வரும். டாட் மேட்ரிக்ஸில் எழுத்தாக நேராக அனுப்பினால் பிரிண்டர் தனக்குள் இருக்கும் எழுத்துகளைத்தான் அடிக்கும், அங்கே நீங்கள் எந்த எழுத்துருவை நிறுவினாலும் பயனில்லை. பில்லில் அந்தக் குறி இருந்தே ஆக வேண்டும் என்று ஜிஎஸ்டி விதி எதுவும் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் ஆர், எஸ், ஒரு புள்ளி போட்டு அனுப்பிவிடுங்கள்.